பழைய காமெடிப் படத்தை நண்பர்களோடு உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது, பார்த்த பிறகு என்ன பேசுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது. நண்பர்கள் ஏழு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பழைய நகைச்சுவைப் படம் ஒன்று பார்க்கிறீர்கள், பார்த்ததும் பேசுவது என்று ஏற்பாடு. ஆனால் பாதிப் பேர் நடிகருக்கு முன்னாலேயே வசனத்தைச் சொல்லிவிடுகிறார்கள். மீதிப் பேருக்குப் படம் இழுக்கிறது. முடிந்ததும் "செம படம்ல", "இப்பல்லாம் யாரு இப்படி எடுக்கிறா" என்ற இரண்டு வரியோடு பேச்சு நின்றுவிடுகிறது. எந்தப் படங்களை எந்த வரிசையில் பார்க்கலாம், வெளிநாட்டில் இருக்கும் ஒருவரை எப்படிச் சேர்த்துக்கொள்ளலாம், குடியிருப்பின் பொது ஹாலில் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் உங்கள் சிக்கல் படத் தேர்வில் இல்லை. சிரித்து முடித்த ஒன்றைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. படத்தொகுப்பு வேலையும் திரைப்படச் சங்கத் திரையிடல்களும் கற்றுத் தந்ததை வைத்துச் சொல்கிறேன்: முழுப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரே ஒரு காட்சியை எடுத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரமும் போதாது.

அதற்கு முன், நீங்கள் பார்ப்பது எடுத்தபடியே இருக்கும் படம்தானா என்று சரிபாருங்கள். "படம் இழுக்கிறது" என்பதற்கும் "பெரிசா சிரிப்பு வரலை" என்பதற்கும் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். அதற்கு முன் வந்த படங்களின் சட்டகம் கிட்டத்தட்ட பழைய டிவிப் பெட்டியின் 4:3 வடிவம்தான். இன்றைய டிவி 16:9. அந்த அகலத்தை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்திருந்தால் ஆட்கள் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடித் தெரிவார்கள். இழுக்காமல் மேலும் கீழும் வெட்டியிருந்தால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். வெட்டுவது இன்னும் மோசம், ஏனென்றால் முதலில் போவது கால்கள். நாகேஷும் சந்திரபாபுவும் பாதி நடிப்பைக் காலில் வைத்திருந்தவர்கள். முழங்காலோடு வெட்டுப்பட்ட நாகேஷைப் பார்த்துவிட்டு அவர் மிகையாக நடிக்கிறார் என்று முடிவு கட்டுவது அநியாயம்.

கண்டுபிடிக்க எளிய வழி, படத்தில் வட்டமான ஏதாவது ஒன்றைப் பார்ப்பது. கார் சக்கரம், சுவர்க் கடிகாரம், சாப்பாட்டுத் தட்டு எதுவானாலும் சரி, அது முட்டை வடிவில் தெரிந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. நெற்றி பல காட்சிகளில் மேலே இடித்துக்கொண்டு நின்றால் வெட்டப்பட்டிருக்கிறது. இழுத்த படத்தைச் சரிசெய்ய முடியும். லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்து, டிவியின் பிக்சர் சைஸ் மெனுவில் 4:3 வைத்தால் படம் பழைய வடிவத்துக்குச் சுருங்கிவிடும். கோப்பாக இருந்தால் விஎல்சி பிளேயரில் "ஏ" எழுத்தை அழுத்த அழுத்த வடிவம் மாறும், 4:3 வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். டிவிக்குள்ளேயே இருக்கும் செயலிகளில் பல நேரம் இந்த வசதி வேலை செய்யாது, அதனால்தான் லேப்டாப் என்கிறேன். வெட்டிய படத்துக்கு மருந்து இல்லை. வேறு பதிவைத் தேடுங்கள், தயாரிப்பு நிறுவனங்களே இணையத்தில் ஏற்றியிருக்கும் பதிவுகளிலிருந்து ஆரம்பியுங்கள்.

அடுத்து வேகம். படம் எடுத்தது விநாடிக்கு 24 சட்டகம். தொலைக்காட்சிக்கும் டிவிடிக்கும் மாற்றியபோது பல பிரதிகள் 25 சட்டகமாகிவிட்டன. நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடும், 160 நிமிடப் படம் ஆறு நிமிடத்துக்கு மேல் குறுகும், குரலும் பாட்டும் அரை சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறிக் கேட்கும். சண்டைப் படத்தில் இது தெரியாது. காமெடியில் ஒரு வசனத்துக்கும் பதிலுக்கும் இடையே இருக்கும் இடைவெளிதான் எல்லாமே என்பதால், பழகிய காதுக்கு உடனே உறுத்தும். படம் மெதுவாகப் போகிறது என்று 1.25 வேகத்தில் ஓட்டும் பழக்கம் உங்கள் குழுவில் யாருக்காவது இருந்தால் இந்த ஒரு நாளாவது விட்டுவிடச் சொல்லுங்கள். டிவியில் மோஷன் ஸ்மூத்திங், மோஷன்ஃப்ளோ, ட்ரூமோஷன் என்று ஏதோ ஒரு பெயரில் இருக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், பழைய படத்தை அது சீரியல்போல வழவழவென்று ஆக்கிவிடும். சப்டைட்டிலையும் அணையுங்கள். கண் வாசிப்பது வாய் பேசுவதைவிட வேகம். பஞ்ச் வரியை எழுத்தில் முதலில் வாசித்துவிட்டால், நடிகர் சொல்லும்போது சிரிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. இந்தப் படங்களின் ஒலி ஒற்றைத் தடம், எனவே சரவுண்ட், எக்கோ மாதிரியான அலங்காரங்களும் வேண்டாம்.

உட்காரும் விதத்தைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். சிரிப்பைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் புரோவைன், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். சிரிப்பு பக்கத்தில் இருப்பவரிடமிருந்து ஒட்டிக்கொள்வது. ஹாலின் மூன்று மூலையில் ஆளுக்கொரு சோபாவில் சாய்ந்தால் ஏழு பேர் தனித்தனியாகப் பார்ப்பது போலத்தான். இரண்டு வரிசையாக நெருங்கி உட்காருங்கள், விளக்கைக் குறையுங்கள். சாப்பாட்டைப் படத்துக்கு முன்னாலோ இடைவேளையிலோ வைத்துக்கொள்ளுங்கள், நொறுக்குத் தீனிப் பாக்கெட் சத்தம் வசனத்தை விழுங்கிவிடும். இந்தப் படங்கள் இடைவேளையை நினைத்துக் கட்டப்பட்டவை. படம் எங்கே இடைவேளை விடுகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். மாலை நாலு மணிக்கு ஆரம்பித்தால் இடைவேளையோடு ஏழு மணிக்குப் படம் முடியும், எட்டு வரை பேசலாம்.

வசனத்தை முன்கூட்டியே சொல்பவர்களை அதட்டி அடக்க வேண்டாம், அவர்களிடம் பேச்சுக்கான மூலதனம் இருக்கிறது. படம் ஓடும்போது வாய் திறக்கக் கூடாது, முடிந்த பிறகு அந்தக் காட்சியை நீங்கள்தான் நடித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அவர் நினைவிலிருந்து சொல்லட்டும். பிறகு படத்தில் அதே இடத்தைப் போடுங்கள். நினைவில் நிற்பது பெரும்பாலும் கடைசி வரி மட்டும்தான். அதற்கு முந்தைய மௌனம், எதிரே நின்றவர் திரும்பிப் பார்த்தது, நடுவில் வந்த ஒரு "ம்" எல்லாம் உதிர்ந்திருக்கும். காமெடி சேனல்களிலும் துண்டு வீடியோக்களிலும் ஒரே காட்சியைப் பல தடவை பார்த்த தலைமுறைக்கு இது நல்ல அதிர்ச்சியாக இருக்கும்.

இனி, ஒரு காட்சியைத் திரும்பப் பார்ப்பது எப்படி என்று விரிவாகவே சொல்கிறேன். முதல் மாதத்துக்கு ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை (1964) வைத்துக்கொள்ளுங்கள். முழு நீள நகைச்சுவை, வண்ணப்படம், இன்றும் இழுக்காது. பாட்டை ஓட்டிவிடாதீர்கள். "விஸ்வநாதன் வேலை வேண்டும்" பாட்டிலேயே கதையும் இருக்கிறது, காமெடியும் இருக்கிறது. படம் முடிந்ததும், ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பா தன் படத்தின் கதையை அப்பாவுக்குச் சொல்லும் காட்சியை எடுங்கள். நாகேஷ் சொல்கிறார், டி.எஸ். பாலையா கேட்கிறார். அவ்வளவுதான் காட்சி. முதலில் அப்படியே ஒரு தடவை போடுங்கள். இரண்டாம் தடவை ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு பாலையாவை மட்டும் பாருங்கள், நாகேஷ் பக்கம் கண் போகவே கூடாது. மூன்றாம் தடவை திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். நாலாவதாகப் பழையபடி முழுதாக ஒரு தடவை.

இரண்டாம் தடவையில் என்ன தெரியும் என்றால், அந்தக் காட்சியில் கதை நடப்பதே பாலையா முகத்தில்தான். அவருக்குப் பேச்சு மிகக் குறைவு. பிள்ளை ஏதோ உளறுகிறான் என்ற அலட்சியத்தில் தொடங்கி, மெல்ல மெல்லக் கதைக்குள் இழுபட்டு, கடைசியில் உண்மையாகவே பயந்துபோகிறார். பயம் ஒரே மூச்சில் வந்திருந்தால் அது கோமாளித்தனம். படிப்படியாக வருவதால்தான் நாமும் கூடவே போகிறோம். மூன்றாம் தடவையில் நாகேஷின் வேலை புரியும். பேய்க்கதைக்கு வேண்டிய சத்தங்களை அவரே வாயால் போட்டுக்கொள்கிறார். வசனத்தைவிடச் சத்தமும், சத்தத்தைவிட இடைவெளியும் அதிக வேலை செய்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துக் கேட்ட பிறகு "யார் இந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துகிறார்?" என்று ஒரே ஒரு கேள்வி போடுங்கள். கூட்டம் இரண்டாகப் பிரியும், அதற்கு மேல் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. என் கட்சி பாலையா. சொல்பவரை நம்ப வைப்பது கேட்பவர்தான்.

இதே படத்தை ஸ்ரீதரே இந்தியில் பியார் கியே ஜா (1966) என்று எடுத்தார். கதை சொல்லும் காட்சியில் மெஹ்மூத், கேட்பவர் ஓம் பிரகாஷ். அந்த ஒரு காட்சியை மட்டும் எடுத்து அடுத்தடுத்து ஓட்டுங்கள். இந்தி தெரியாதவருக்கும் தடையில்லை, என்ன நடக்கிறது என்பது முன்பே தெரியுமே. ஒரே இயக்குநர், ஒரே சூழ்நிலை, வேறு இரண்டு உடம்புகள். எது எழுத்தில் இருந்தது, எதை நடிகர் கொண்டுவந்தார் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இரண்டாம் மாதம் தில்லு முல்லு (1981). இங்கே பேச வேண்டியது வேறு: யாருக்கு என்ன தெரியும். ஒரு தாளில் குறுக்கே முக்கியக் காட்சிகளையும் நெடுக்கே பாத்திரங்களையும் எழுதுங்கள். மீசை வைத்த இந்திரன், மீசையில்லாத சந்திரன் இருவரும் ஒருவரே என்பது எந்தக் காட்சியில் யாருக்குத் தெரியும் என்று கட்டம் கட்டமாகக் குறியுங்கள். தேங்காய் சீனிவாசன் நடிக்கும் முதலாளிக்கு மட்டும் கடைசி வரை கட்டம் காலியாக இருக்கும், நமக்கோ முதலிலிருந்தே நிறைந்திருக்கும். அந்த இடைவெளி எவ்வளவு அகலமோ அவ்வளவு சிரிப்பு. சௌகார் ஜானகி அம்மாவாக நடிக்க வந்து, அவரும் ஒரு பொய்க்கு இன்னொரு பொய் கட்டும் இடத்தில் தாளில் கட்டங்கள் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். அங்கே நெருக்கடி கூடுவது கண்ணுக்கே தெரியும்.

இதன் மூலம் இருஷிகேஷ் முகர்ஜியின் கோல் மால் (1979). இரண்டையும் முழுதாகப் பார்க்க நேரமில்லாவிட்டால் வேலைக்கான நேர்காணல் காட்சியை மட்டும் இரண்டிலும் பாருங்கள். அமோல் பாலேகர் பார்த்தாலே பக்கத்து வீட்டுப் பையன், அவர் பணிவாக நடிப்பதில் வியப்பில்லை. ரஜினிகாந்த் அப்படியில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் பில்லா வந்திருந்தது. அந்த ஆள் குட்டைச் சட்டை போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, முருக பக்தராக முதலாளி முன்னால் குழைகிறார். 1981இல் தியேட்டரில் இருந்தவர் இதற்கே சிரித்திருப்பார். இன்றைய இளைஞருக்கு இது தானாகத் தெரியாது. அதனால் படம் தொடங்கும் முன் யாராவது ஒருவர் ஐந்து நிமிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். கதையைச் சொல்ல வேண்டாம், அன்று இந்த நடிகர் மக்கள் மனதில் யாராக இருந்தார் என்பதை மட்டும்.

மூன்றாவது, 1990 தீபாவளிக்கு வந்த மைக்கேல் மதன காமராஜன். இதில் முதல் விதி, யாரும் தாமதமாக வரக்கூடாது. கமல்ஹாசன் நடிக்கும் நான்கு சகோதரர்களும் எப்படிப் பிரிந்தார்கள் என்ற முன்கதை முழுவதும் தொடக்கத்தில் வரும் "கதை கேளு" பாட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அடுத்த சிக்கல், கிரேசி மோகன் வசனம் வரும் வேகம். மேடையில் கூட்டம் சிரித்து முடிக்கும்வரை நடிகர் காத்திருந்து அடுத்த வரியைச் சொல்லலாம். படச்சுருள் காத்திருக்காது. ஒரு வரிக்குச் சிரிக்கும்போது அடுத்த இரண்டு வரி அமுங்கிப்போகும். நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் பார்க்காதீர்கள், கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழும் காட்சி போன்றவை ஓட்டம் அறுந்தால் செத்துவிடும். கூட்டமாக ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த வாரத்துக்குள் ஆளுக்கு இருபது நிமிடப் பகுதியைப் பிரித்துக்கொண்டு காதில் ஹெட்போன் போட்டுத் தனியாகக் கேளுங்கள். முதல் தடவை தவறவிட்ட வரிகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பாலக்காட்டுத் தமிழ் பேசும் காமேஸ்வரனும் டெல்லி கணேஷும் சேரும் இடங்களில் இப்படி நிறையக் கிடைக்கும். மலை விளிம்பில் சாயும் வீட்டு உச்சக்காட்சியைப் பார்த்ததும் சார்லி சாப்ளினின் கோல்ட் ரஷ் (1925) படத்தின் குடிசைக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். அங்கே ஒரு வீட்டுக்குள் இரண்டே பேர், பேச்சும் கிடையாது. இங்கே ஒரு பட்டாளமே உள்ளே. வீடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இரண்டு படங்களும் பார்ப்பவருக்கு எப்படித் தெளிவாக வைத்திருக்கின்றன என்பதைக் கவனித்துப் பேசுங்கள்.

இவை மூன்றும் முடிந்த பிறகுதான் சபாபதிக்கு (1941) போகச் சொல்வேன். காலவரிசைப்படி மிகப் பழையதில் ஆரம்பிப்பது ஒழுங்காகத் தோன்றும், ஆனால் குழு அங்கேயே கலைந்துவிடும். சபாபதி பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து வந்தது. டி.ஆர். ராமச்சந்திரன் எஜமானன் சபாபதி, காளி என். ரத்னம் வேலைக்கார சபாபதி. கேமரா அதிகம் நகராது, ஒரு ஷாட் நீளமாக ஓடும், நடிகர்கள் மேடையில் போலவே பேசுவார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஷாட் மாறுகிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள், பிறகு இன்றைய படம் ஒன்றிலும் எண்ணுங்கள். "இழுக்கிறது" என்று சொன்னவருக்கு எது இழுக்கிறது என்று அப்போது துல்லியமாகச் சொல்ல முடியும். அதோடு சில நகைச்சுவைக்குப் பின்னால் இருந்த பொருளே இன்று இல்லை. சோடாவை உடைத்துக் கொண்டு வா என்கிறார் எஜமானர், வேலைக்காரர் பாட்டிலையே உடைத்துவிடுகிறார். கழுத்தில் கோலி அடைத்த பாட்டிலை, கோலியை உள்ளே தள்ளித் திறப்பதைத்தான் உடைப்பது என்பார்கள் என்று தெரியாதவருக்கு இது வெறும் முட்டாள்தனமாகத் தெரியும். ஒரு கோலி சோடா பாட்டில் கிடைத்தால் வாங்கி வைத்து, படத்துக்கு முன்பே எல்லாருக்கும் உடைத்துக் கொடுத்துவிடுங்கள்.

வைதேகி காத்திருந்தாள் (1984) பெட்ரோமாக்ஸ் காட்சிக்கும் இதே கதைதான். "பெட்ரோமாக்ஸ் லைட்டேதான் வேணுமா?" என்ற வரி மீமில் வந்து வந்து தேய்ந்துவிட்டது. ஆனால் அதன் பலம் அந்த வரியில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மாண்டில் என்பது உலோக உப்பில் தோய்த்த துணி வலை. ஒருமுறை எரிந்ததும் துணி போய், சாம்பல் கூடு மாதிரி மிச்சமிருக்கும். விரல் பட்டாலே பொடிப்பொடியாகிவிடும். ஆல் இன் ஆல் அழகுராஜாவின் கடையில் செந்தில் அதன் மேல் கை வைக்கப் போகும்போதே பெட்ரோமாக்ஸ் பழகிய தியேட்டர் கூட்டத்துக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரியும். கவுண்டமணிக்கும் தெரியும். செந்திலுக்கு மட்டும் தெரியாது. தில்லு முல்லு தாளில் போட்ட அதே கட்டக் கணக்கு இங்கே இரண்டு நிமிடத்துக்குள் நடக்கிறது.

கவுண்டமணி, செந்தில் படங்களில் முழுப் படத்தையும் பார்க்க வேண்டுமா என்றால் பெரும்பாலும் வேண்டாம். என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம் காலத்திலிருந்தே நகைச்சுவையைத் தனித் தடமாக எழுதி எடுத்துப் படத்தில் சேர்க்கும் வழக்கம் இங்கே உண்டு. அப்படி எடுத்ததைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் இழப்பு குறைவு. காதலிக்க நேரமில்லையையோ தில்லு முல்லுவையோ அப்படிப் பிரித்தால் ஒன்றும் மிஞ்சாது. கல்யாணப் பரிசு (1959) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தங்கவேலு காட்சிகளைத் தனியாகப் பார்த்தாலும் சிரிப்பு வரும், ஆனால் அந்தச் சோகக் கதைக்கு நடுவே அவை கொடுக்கும் மூச்சு கிடைக்காது. நேரம் இருந்தால் முழுதாகப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நாலாவது ஐந்தாவது கூட்டத்தில் நிச்சயம் எழும். நிறத்தை, உடம்பை, மனைவியை, வேலைக்காரரை வைத்துச் செய்த கேலிகள் இன்று உறுத்தும், உறுத்த வேண்டியவையும்தான். "அந்தக் காலம் அப்படி" என்று மூடிவிட்டாலும் பேச்சு செத்துவிடும், படத்தையே ஒதுக்கினாலும் செத்துவிடும். தங்கவேலுவின் இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிவாளியில் (1963) பூரி செய்வதைச் சொல்லிக்கொடுக்கிறார், டி.பி. முத்துலட்சுமி ஒவ்வொன்றுக்கும் "அதான் எனக்குத் தெரியுமே" என்கிறார். கல்யாணப் பரிசில் மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்றும், எழுத்தாளர் பைரவன் நான்தான் என்றும் இவரே மனைவியிடம் அளக்கிறார், எதிரே எம். சரோஜா. ஒன்றில் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்பவர் மனைவி, மற்றதில் கணவன். இரண்டிலும் படம் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது, எந்த அளவுக்கு, மாட்டிக்கொண்டவருக்குப் பிறகு என்ன ஆகிறது என்று ஒப்பிடுங்கள். அறிவாளி ஷேக்ஸ்பியரின் அடங்காத பெண்ணை அடக்கும் நாடகத்தைத் தழுவியது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்தப் பூரிக் காட்சி தனியாகப் பார்க்கும்போது இருப்பதைவிடக் கொஞ்சம் கனமாகத் தெரியும். உங்கள் குழுவில் பெண்கள் இருந்தால் அன்று முதலில் அவர்கள் பேசட்டும்.

பேச்சில் இன்னொரு ஆபத்து, படப்பிடிப்புக் கதைகள். "இது நாகேஷ் ஸ்பாட்ல சொந்தமா போட்ட டயலாக்", "டைரக்டர் கட் சொல்ல மறந்துட்டாராம்" என்று பழைய படம் ஒவ்வொன்றுக்கும் பத்துக் கதை உலவுகிறது. சிலது உண்மையாக இருக்கலாம், பலதுக்கு ஆளாளுக்கு ஒரு வடிவம் இருக்கும். திரையில் இருப்பது உறுதி, யார் எந்த ஆண்டு எடுத்தார் என்பதை டைட்டிலில் சரிபார்க்கலாம், மற்றவை கேள்விப்பட்டவை. இந்த மூன்றையும் கலக்காமல் பேசினால் போதும். "1964இல் மக்கள் இந்த இடத்தில்தான் சிரித்தார்கள்" என்று அடித்துச் சொல்வதும் அப்படித்தான். அன்று தியேட்டரில் இருந்த அம்மா, பெரியப்பா யாராவது உங்கள் வீடுகளில் இருந்தால் ஒரு கூட்டத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

இன்னொரு சின்ன ஏற்பாடு. படத்தை முன்பே பார்த்த ஒருவர் மட்டும் கையில் தாளோடு உட்கார்ந்து, எந்த நிமிடத்தில் எத்தனை பேர் சிரித்தார்கள் என்று குறிக்கட்டும், மாதம் ஒருவராக மாறி மாறி. எல்லாரும் குறிப்பெடுத்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஏழு பேரும் சிரித்த இடத்தைவிட ஒருவர் மட்டும் சிரித்த இடத்தில் பேச்சைத் தொடங்குங்கள். அவருக்கு என்ன தெரிந்தது, மற்றவர்களுக்கு என்ன தெரியவில்லை என்பது அங்கேதான் இருக்கும்.

வெளிநாட்டு நண்பரைச் சேர்க்க, உங்கள் திரையை வீடியோ காலில் பகிராதீர்கள், படம் திக்கும், ஒலி பிசிறும். இருவரும் ஒரே பதிவைத் தனித்தனியாக ஓட்டுங்கள். ஒரே பதிவு என்பது முக்கியம், ஒரே படத்தின் வேறு வேறு பதிவுகளில் வெட்டுகள் மாறும், 24, 25 சட்டக வித்தியாசமும் இருந்தால் பத்து நிமிடத்தில் கிட்டத்தட்ட 24 விநாடி விலகிவிடும். சென்சார் சான்றிதழ் தெரியும் இடத்தில் இருவரும் நிறுத்தி, மூன்று எண்ணித் தொடங்குங்கள், இடைவேளையில் மறுபடி சரிபாருங்கள். வீடியோ அழைப்பை ஒலிக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அவர் ஹெட்போன் போட்டுக்கொள்ளட்டும். அவர் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். அதற்கு வழியில்லை.

பொது ஹால் பற்றி. வீட்டில் நண்பர்கள் கூடிப் பார்ப்பது வேறு, அறிவிப்பு ஒட்டிக் குடியிருப்பு முழுவதையும் அழைப்பது வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அந்தக் கணக்கில் 1964 படத்துக்கு 2024 இறுதியோடு முடிந்துவிட்டது. ஆனால் அதற்குள் இருக்கும் பாடல் வரி, இசை, கதை எல்லாவற்றுக்கும் எழுதியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு உண்டு. காதலிக்க நேரமில்லைக்குப் பாட்டெழுதிய கண்ணதாசன் மறைந்தது 1981, எனவே 2041 முடிய அவர் வரிகளுக்கு உரிமை இருக்கிறது. தில்லு முல்லு, மைக்கேல் மதன காமராஜன் இரண்டும் படமாகவே இன்னும் உரிமைக்குள் இருப்பவை. ஆகவே ஹாலில் போடுவதானால், கட்டணம் வாங்காவிட்டாலும், இன்று உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். இதில் நான் சட்டம் படித்தவன் இல்லை. குடியிருப்புச் சங்கத்தில் வழக்கறிஞர் யாராவது இருந்தால் அறிவிப்பு ஒட்டும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.